ஒரே பெட்டி, இரண்டு சிப்: ரங்கூனில் வாங்கிய யுஎஸ்பி டிவி டியூனர்

அனவ்ரத்தா சாலையை என் பெரியப்பா இன்னும் ஃப்ரேசர் தெரு என்றுதான் சொல்வார். அந்தச் சாலையில், காளியம்மன் கோவிலிலிருந்து நடந்து போகும் தூரத்தில், குறுகலான மாடிப்படி ஏறினால் ஒரு கணினி உதிரிபாகக் கடை இருக்கிறது. சென்ற மாதம் அங்கே, கணினியில் தொலைக்காட்சி பார்க்க உதவும் யுஎஸ்பி டிவி டியூனர் ஒன்றை வாங்கினேன். கட்டைவிரலைவிடச் சற்றுப் பெரிய கறுப்புக் குச்சி, அடியில் காந்தம் வைத்த ஒரு சாண் உயர ஆன்டெனா, சிறு ரிமோட், ஒரு குறுந்தட்டு ஆகியவை பெட்டிக்குள் இருந்தன. பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் டிவிபி-டி2 (டிஜிட்டல் ஒளிபரப்பு முறை ஒன்றின் பெயர்) என்றும், அதன் கீழே விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் இயங்கும் என்றும் அச்சிட்டிருந்தார்கள். தயாரிப்பாளரின் பெயர் பெட்டியில் ஒன்றாகவும் குறுந்தட்டில் வேறொன்றாகவும் இருந்தது. ஆகவே இந்த மதிப்புரையில் பெயரைச் சொல்லாமலே விடுகிறேன்; பெயரைப் பார்த்து இந்தப் பொருளை வாங்க முடியாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

செட்டாப் பாக்ஸ் மலிவாகக் கிடைக்கும்போது இது எதற்கு என்று கடைக்காரத் தம்பியே கேட்டார். எங்கள் வீடு கீழ் ரங்கூனில் ஐந்தாம் மாடி. மின்சாரம் முறை வைத்து வந்து போகும். செட்டாப் பாக்ஸும் தொலைக்காட்சியும் மின்சாரம் போன நொடியே அணைந்துவிடும். மடிக்கணினியோ பாட்டரியில் ஓடிக்கொண்டிருக்கும், டியூனரும் யுஎஸ்பி வழியாக அதே பாட்டரியிலிருந்து மின்சாரம் எடுத்துக்கொள்ளும். பெரியம்மா பார்க்கும் பர்மியத் தொடர் பாதியில் நிற்காமல் இருக்க வேண்டும், அவர் தூங்கிவிட்ட நாள்களில் அது வட்டில் பதிவாகி இருக்க வேண்டும் என்ற இரண்டே தேவைகளுக்காகத்தான் இதை வாங்கினேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். டியூனர் நன்றாக வேலை செய்கிறது. படம் தெளிவாக இருக்கிறது. பதிவும் ஒழுங்காக நடக்கிறது. ஆனால் செருகியவுடன் அது வேலை செய்யவில்லை, பெட்டியோடு வந்த குறுந்தட்டால் ஒரு பயனும் இல்லை, மூன்று மாலை நேரங்கள் செலவாகின. அந்த மூன்று மாலைகளில் ஒன்றுக்கு நானே பொறுப்பு, ஒன்றுக்குத் தயாரிப்பாளர் பொறுப்பு, ஒன்றுக்கு யாரையும் குறை சொல்ல முடியாது.

குறுந்தட்டை வைத்து நேரத்தை வீணாக்குவதற்கு முன் குச்சியைத் திறந்து பார்த்தேன். நகத்தால் நெம்பினாலே ஓடு பிரிந்துவிடுகிறது. உள்ளே மூன்று சிப்கள். யுஎஸ்பி பக்கம் இருப்பது ரியல்டெக்கின் ஆர்டிஎல்2832பி. ஆன்டெனா பக்கம் இருப்பது ரஃபேல் மைக்ரோவின் ஆர்828டி. இரண்டுக்கும் நடுவே பானசோனிக்கின் எம்என்88473. இந்த மூன்றின் பங்கு புரிந்தால் பின்னால் வந்த சிக்கல்களில் பாதி தானாகவே புரிந்துவிடும். ஆர்828டி அலைவரிசையைப் பிடிக்கும் டியூனர். ரியல்டெக் சிப்புக்குள் ஒரு டீமாடுலேட்டர், அதாவது அலையிலிருந்து தரவைப் பிரித்தெடுக்கும் பகுதி, உண்டு, ஆனால் அதற்குப் பழைய டிவிபி-டி முறையை மட்டுமே பிரித்தெடுக்கத் தெரியும். மியான்மரின் தரைவழி டிஜிட்டல் ஒளிபரப்பு டிவிபி-டி2 முறையில் நடக்கிறது. அதைப் பிரிப்பது பானசோனிக் சிப். அது பிரித்துத் தரும் தரவை ரியல்டெக் சிப் வெளியிலிருந்து வாங்கி யுஎஸ்பி வழியாகக் கணினிக்கு அனுப்புகிறது. பெயரின் கடைசியில் 'பி' போட்ட வகையில்தான் இப்படி வெளியிலிருந்து தரவு வாங்கும் வழி இருக்கிறது. சுருங்கச் சொன்னால், ஒரே குச்சிக்குள் இரண்டு டீமாடுலேட்டர்கள் உட்கார்ந்திருக்கின்றன, அவற்றில் ஒன்று நமக்கு முற்றிலும் உதவாதது.

மூன்று சிப்களுக்கும் டிரைவர்கள், அதாவது அவற்றை இயக்கும் நிரல்கள், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலோடேயே வருகின்றன. யுஎஸ்பி பாலத்துக்கு டிவிபி_யுஎஸ்பி_ஆர்டிஎல்28எக்ஸ்எக்ஸ்யு, உள் டீமாடுலேட்டருக்கு ஆர்டிஎல்2832, டியூனருக்கு ஆர்820டி, பானசோனிக்குக்கு எம்என்88473 என்று நான்கு மாட்யூல்கள் (தேவைப்படும்போது கெர்னலில் ஏறும் டிரைவர் துண்டுகள்). டியூனர் ஆர்828டியாக இருக்கும்போது ஆர்820டி மாட்யூல் ஏறியிருக்கிறதே என்று பதற வேண்டாம். ஒரே குடும்பம், ஒரே டிரைவர். ரியல்டெக் பாலம், பானசோனிக் டீமாடுலேட்டர் இரண்டுக்குமான டிரைவர் வேலையில் பெரும்பங்கு பின்லாந்தைச் சேர்ந்த ஆன்டி பலோசாரியுடையது. ஆர்டிஎல்2832யு சிப் பிரிக்கப்படாத மூல அலைத் தரவையும் வெளியே தரும் என்பதை 2012இல் வெளிப்படுத்தியதிலும் அவருக்குப் பங்கு உண்டு. மலிவான டிவி டியூனர்களை வானொலி வாங்கிகளாகப் பயன்படுத்தும் பழக்கம் உலகெங்கும் பரவியது அதற்குப் பிறகுதான். என் முதல் மாலை வீணானதும் அந்தப் பழக்கத்தால்தான்.

டெபியன் 12 லினக்ஸ், கெர்னல் 6.1 ஓடும் மடிக்கணினியில் குச்சியைச் செருகினேன். எல்எஸ்யுஎஸ்பி கட்டளை அதைக் காட்டியது. டிமெசேஜ் என்று நாம் வாயால் சொல்லும் கெர்னல் பதிவில், புதிய யுஎஸ்பி சாதனம் வந்திருக்கிறது என்ற இரண்டு மூன்று வரிகளோடு பேச்சு நின்றுவிட்டது. டிரைவர் ஏறியதாக ஒரு வரிகூட இல்லை, டெவ் அடைவுக்குள் டிவிபி என்ற அடைவும் உருவாகவில்லை. எல்எஸ்மாட் கட்டளையில் மேற்சொன்ன நான்கு மாட்யூல்களில் ஒன்றும் இல்லை. கெர்னலில் டிரைவரே இல்லையோ என்று மாட்இன்ஃபோ கட்டளையால் கேட்டால், கோப்பு வட்டில் இருக்கிறது, அது ஆதரிக்கும் சாதனங்களின் பட்டியலில் என் குச்சியின் எண்ணும் இருக்கிறது. மாட்யூலும் சாதனமும் இருந்தும் இரண்டையும் சேர்த்து வைக்க ஒருவரும் முன்வரவில்லை. மாட்ப்ரோப் கட்டளையால் கையால் ஏற்றினேன்; ஒரு நொடியில் எல்லாம் ஏறிவிட்டது. கணினியை அணைத்துப் போட்டால் மறுபடியும் அமைதி.

காரணம், மாட்யூல்கள் ஏறும் விதத்தைச் சொல்லும் கோப்புகள் இருக்கும் மாட்ப்ரோப்.டி அடைவுக்குள் இருந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் விமான நிலையத்துக்கு வரும் விமானங்களின் சமிக்ஞைகளைக் கேட்டுப் பார்க்கும் ஆசையில், டியூனரை வானொலி வாங்கியாக்கும் ஆர்டிஎல்-எஸ்டிஆர் பொதியை நிறுவியிருந்தேன். அந்த மென்பொருளுக்குச் சாதனம் நேரடியாகக் கையில் வேண்டும். தொலைக்காட்சி டிரைவர் முந்திக்கொண்டு பிடித்துவிட்டால் அதற்கு வேலையில்லை. ஆகவே அந்தப் பொதி, டிவிபி_யுஎஸ்பி_ஆர்டிஎல்28எக்ஸ்எக்ஸ்யு மாட்யூலைத் தானாக ஏற்றக் கூடாது என்று ஒரு தடைக் கோப்பை அந்த அடைவில் வைக்கிறது. தடைப்பட்டியலில் இருக்கும் மாட்யூல் சாதனத்தைப் பார்த்துத் தானாக ஏறாது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மட்டும் வரும். வானொலி ஆசை எனக்குத் தீர்ந்து வெகுநாளாகிவிட்டது, தடை மட்டும் அங்கேயே உட்கார்ந்திருந்தது. அந்த வரியின் முன்னால் ஒரு கட்டக் குறி (#) போட்டுச் செயலற்றதாக்கியவுடன் முதல் சிக்கல் தீர்ந்தது. இதற்குக் குச்சியையோ கடையையோ குறை சொல்ல இடமில்லை. ஆனாலும் 'லினக்ஸில் டியூனர் கண்டுகொள்ளப்படவில்லை' என்று யாராவது என்னிடம் வந்தால், முதலில் அந்த அடைவைத்தான் பார்க்கச் சொல்வேன்.

இரண்டாம் மாலை இன்னும் சுவாரசியமானது, ஏனென்றால் அன்று பிழைச் செய்தி என்று ஒன்றுமே வரவில்லை. டிவிபி அடைவுக்குள் அடாப்டர்0 இருந்தது. டிவிபிவி5-ஸ்கேன் கட்டளை ஓடியது, அலைவரிசைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தது, ஒரு சேனலும் கிடைக்கவில்லை என்று நாகரிகமாகச் சொல்லி முடித்துக்கொண்டது. ஆன்டெனாவைச் சன்னலுக்கு நகர்த்தினேன். அரிசி டின்னின் மேல் வைத்தேன். பால்கனியில் இருந்து சாமான் ஏற்றுவதற்காகத் தெருவரை தொங்கவிட்டிருக்கும் கயிற்றின் கொக்கியில் மாட்டியும் பார்த்தேன். கீழே போன மோஹிங்கா விற்பவர் அண்ணாந்து பார்த்துச் சிரித்தார். அடாப்டர்0 அடைவை நிதானமாகப் பட்டியலிட்டுப் பார்த்தபோதுதான் விஷயம் உறைத்தது: டீமக்ஸ்0 ஒன்றுதான், டிவிஆர்0 ஒன்றுதான், ஆனால் ஃப்ரண்ட்எண்ட்0, ஃப்ரண்ட்எண்ட்1 என்று இரண்டு இருந்தன.

ஃப்ரண்ட்எண்ட்0 ரியல்டெக்கின் உள் டீமாடுலேட்டர், டிவிபி-டி மட்டும். ஃப்ரண்ட்எண்ட்1 பானசோனிக்; டிவிபி-டி, டிவிபி-டி2, கேபிளுக்கான டிவிபி-சி மூன்றும் தெரிந்தது. வேறு ஒன்றும் சொல்லாவிட்டால் பெரும்பாலான மென்பொருள்கள் பூஜ்யத்தையே திறக்கின்றன. இரண்டு மணி நேரமாக நான் டிவிபி-டி மட்டும் தெரிந்த ஒன்றிடம் டிவிபி-டி2 ஒளிபரப்பைத் தேடச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். கிடைக்கவில்லை என்று அது சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. டிவிபிவி5-ஸ்கேனுக்கு 'எஃப் 1' என்ற விருப்பத்தைக் கொடுத்தால் அது இரண்டாவது ஃப்ரண்ட்எண்டைத் திறக்கும். பழைய டிவிபி-ஆப்ஸ் பொதியில் வரும் ஸ்கேன் கட்டளைக்கு டிவிபி-டி2 என்றால் என்னவென்றே தெரியாது என்பதால், அதை வைத்து முயல்கிறவர்கள் எந்த ஃப்ரண்ட்எண்டைத் திறந்தாலும் பயன் இல்லை.

சரியான ஃப்ரண்ட்எண்டைத் திறந்தவுடன் பிழைச் செய்தி வந்தது; இரண்டு நாளில் முதன்முதலாக ஒரு தெளிவான பிழையைப் பார்த்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். டிவிபி-டீமாட்-எம்என்88473-01 என்ற ஃபர்ம்வேர் கோப்பை ஏற்ற முடியவில்லை, பிழை எண் கழித்தல் 2. கழித்தல் 2 என்றால் அப்படி ஒரு கோப்பே இல்லை என்று பொருள். பானசோனிக் சிப்புக்குள் நிரந்தரமாக எழுதப்பட்ட நிரல் போதாது. ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் கணினி அதற்கு ஒரு சிறிய நிரலை ஊட்ட வேண்டும். அந்தக் கோப்பு டிரைவரின் பகுதியாக வருவதில்லை. லிப் அடைவுக்குள் இருக்கும் ஃபர்ம்வேர் அடைவில் நாம்தான் கொண்டுபோய் வைக்க வேண்டும். எந்தப் பெயரில் வேண்டும் என்று ஊகிக்க வேண்டியதில்லை: மாட்இன்ஃபோ எம்என்88473 என்று கேட்டால் ஃபர்ம்வேர் என்ற வரியில் பெயரை அதுவே சொல்லிவிடுகிறது. லிப்ரேஎலெக் திட்டத்தார் தொலைக்காட்சி டியூனர்களுக்கான ஃபர்ம்வேர்களைத் தொகுத்து வைத்திருக்கும் இடத்திலிருந்து எடுத்து வைத்தேன். குச்சியைக் கழற்றி மறுபடியும் செருகியதும் அடுத்த முயற்சியில் கோப்பு ஏறியது.

தயாரிப்பாளர் மேல் எனக்குள்ள மனத்தாங்கல் இங்கேதான். பெட்டியில் 'லினக்ஸில் இயங்கும்' என்று அச்சிடுகிறவர், அந்த ஒரே ஒரு சிறு கோப்பைக் குறுந்தட்டில் போட்டிருந்தால் போதும். அதைப் போடாமல், பல ஆண்டுகளுக்கு முந்தைய கெர்னலின் மீடியா பகுதி முழுவதையும் சுருட்டிக் கட்டி, அதை நம் கணினியிலேயே தொகுத்து நிறுவச் சொல்கிறார். ஆர்வக்கோளாறில் அதையும் முயன்று பார்த்தேன். தொகுப்பு சில நிமிடங்கள் ஓடி, டைமர் தொடங்கும் பழைய செயல்கூறு ஒன்று கிடைக்கவில்லை என்று நின்றது. 4.15 கெர்னலோடு நீக்கப்பட்ட செயல்கூறு அது. ஒருவேளை தொகுப்பு முடிந்திருந்தாலும் என் மடிக்கணினியில் செக்யூர் பூட் இயங்குவதால், கையொப்பமில்லாத மாட்யூலைக் கெர்னல் உள்ளே விட்டிருக்காது. டெபியனோடு வரும் மாட்யூல்களுக்கு அந்தக் கையொப்பம் ஏற்கெனவே இருக்கிறது. இப்படிப்பட்ட நிறுவல் நிரல் பழைய கணினியில் வெற்றி பெற்றால் இன்னும் ஆபத்து: அது டிவிபி_கோர் மாட்யூலையே மாற்றி வைத்துவிடும், பிறகு மற்ற டியூனர் மாட்யூல்கள் குறியீட்டின் பதிப்பு ஒத்துப்போகவில்லை என்று புகார் சொல்லி ஏற மறுக்கும். அந்த நிலைக்குப் போய்விட்டவர்கள் கெர்னல் பொதியை அப்படியே மறுபடியும் நிறுவிவிட்டால் மூல மாட்யூல்கள் திரும்பிவிடும். குறுந்தட்டை நான் பெரியம்மாவிடம் கொடுத்துவிட்டேன். துளசிச் செடியில் காக்கை உட்காராமல் இருக்க அதைத் தொங்கவிட்டிருக்கிறார்.

இந்த ஊரில் டியூனர் கார்டோடு மல்லுக்கட்டுவது எனக்குப் புதிதல்ல. அனலாக் காலத்தில், கணினியைத் திறந்து பிசிஐ துளையில் செருகும் பிடி878 சிப் கார்டு ஒன்று என்னிடம் இருந்தது. இந்தியா, வங்காளதேசம், தாய்லாந்து, சீனா என்று சுற்றிலும் பால் (PAL) என்ற வண்ண ஒளிபரப்பு முறை நிலவ, பர்மா மட்டும் என்டிஎஸ்சி (NTSC) என்ற வேறு முறையில் ஒளிபரப்பியது. மலிவான கார்டுகளில் அடையாளம் சொல்லும் ஈப்ரம் என்ற நினைவுச் சிப் இருக்காது, ஆகவே பிடிடிவி டிரைவர் 'கார்டு 0, இன்னதென்று தெரியவில்லை' என்று கைவிரித்துவிடும். கார்டு எண்ணையும் டியூனர் எண்ணையும் நாமே விருப்பக் கோப்பில் எழுத வேண்டும். டியூனர் 5 என்று எழுதினால் பிலிப்ஸ் பால், டியூனர் 2 என்றால் பிலிப்ஸ் என்டிஎஸ்சி. மாற்றி எழுதினால் என்ன ஆகும் என்பதை அனுபவத்தில் கண்டேன்: பாலின் இடைநிலை அலைவரிசை 38.9 மெகாஹெர்ட்ஸ், என்டிஎஸ்சியுடையது 45.75, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஏறத்தாழ ஒரு சேனலின் அகலம். ஆகவே டிரைவர் ஒரு சேனல் தள்ளிப் போய் நின்றுகொண்டு, வெறும் புள்ளிமழையைக் காட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கார்டின் முனைகள் இரண்டு மழைக்காலத்தில் பச்சை பிடித்துப்போயின. ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: அன்றைய கார்டு தவறாக வேலை செய்தபோது புள்ளிமழையாவது தெரிந்தது. டிஜிட்டலில் தவறு நேர்ந்தால் கறுப்புத் திரைதான், எந்தப் பக்கம் தவறு என்பதற்குக் குறிப்பே இருக்காது.

மூன்றாம் மாலை ஸ்கேன் கோப்பு எழுதுவதில் போனது. எந்த அலைவரிசை, எவ்வளவு பட்டை அகலம் என்பதற்காக எங்கும் அலையவில்லை. எதிர்வீட்டு அக்காவின் செட்டாப் பாக்ஸில் தகவல் பொத்தானை அழுத்திக் காட்டச் சொன்னேன், இரண்டும் திரையிலேயே இருந்தன. டிவிபிவி5 வடிவக் கோப்பில் டெலிவரி சிஸ்டம் டிவிபிடி2 என்றும், அலைவரிசை, பட்டை அகலம், ஸ்ட்ரீம் எண் 0 என்றும் நான்கு வரிகள் போதும். ஆனால் அந்த வடிவம் எல்லாவற்றையும் ஹெர்ட்ஸில் கேட்கிறது, அக்காவின் பெட்டியோ கிலோஹெர்ட்ஸில் காட்டியது. மூன்று சைபர் குறைந்ததும் கெர்னல் பதிவில் 'அலைவரிசை எல்லைக்கு வெளியே' என்ற வரி வந்தது. அடைப்புக்குறிக்குள் 4,20,00,000 முதல் 100,20,00,000 வரை என்று டியூனரின் எல்லையையும் அதுவே தந்திருந்தது. இப்படி ஒரு பிழைச் செய்தி எழுதியவரைக் கண்டால் ஒரு டீ வாங்கித் தரலாம்.

அதன் பிறகு ஆன்டெனா. பெட்டியோடு வந்த ஒரு சாண் கம்பியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வீட்டுக்குள் வைத்தால் டிவிபிவி5-ஸாப் கட்டளையில் சமிக்ஞை-இரைச்சல் விகிதம் 12 டெசிபலைச் சுற்றி ஆடியது, ஆள் நடந்தால் படம் கட்டம் கட்டமாக உடைந்தது. மொட்டை மாடியில் அனலாக் காலத்திலிருந்து நிற்கும் யாகி ஆன்டெனாவிலிருந்து புதிதாக ஆர்ஜி6 கேபிள் இழுத்து இறக்கியதும் அதே எண் 24க்குப் போய் அசையாமல் நின்றது. குச்சியின் வாயில் இருப்பது மிகச் சிறிய எம்சிஎக்ஸ் இணைப்பு. தடித்த கேபிளை நேரடியாக மாட்டினால் எடை தாங்காமல் பிய்ந்துவிடும். நடுவில் ஒரு குட்டைக் கம்பி மாற்றி வாங்கிப் போடுங்கள்.

அன்றாடப் பயன்பாட்டுக்கு, தொலைக்காட்சி பார்க்கவும் பதிவு செய்யவும் உதவும் டிவிஹெட்எண்ட் மென்பொருளை நிறுவினேன். 9981ஆம் வாயிலில் (போர்ட்) உலாவியைத் திறந்தால் எல்லா அமைப்பும் அங்கேயே நடக்கிறது. அங்கும் இரட்டை ஃப்ரண்ட்எண்ட் தன் வேலையைக் காட்டியது: இரண்டு டீமாடுலேட்டர்களுக்கும் டியூனர் ஒன்றே என்பதால், ஒன்று திறந்திருக்கும்போது மற்றொன்றைத் திறக்கக் கெர்னல் இடம் தராது. டிவிஹெட்எண்ட் பூஜ்யத்தையும் சும்மா பிடித்துவைத்துக்கொண்டால், ஃப்ரண்ட்எண்ட்1 'வேலையாக இருக்கிறது' என்று பதில் சொல்லும். அமைப்பில் ஃப்ரண்ட்எண்ட்0ஐ முடக்கியதும் அந்தத் தொல்லை ஒழிந்தது. டிவிஹெட்எண்ட் பயனருக்கு வீடியோ குழுவில் இடம் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் சாதனம் இருந்தும் திறக்க அனுமதி கிடைக்காது.

ஒரு மாதமாக ஓடுகிறது. மியான்மர் அரசுத் தொலைக்காட்சியான எம்ஆர்டிவியின் சேனல்களும் அதே அலைவரிசைத் தொகுப்பில் வரும் மற்றவையும் தெளிவாகக் கிடைக்கின்றன. ஒரு மணி நேரத் தொடர் சுமார் 1 ஜிபி வட்டை எடுக்கிறது. மின்சாரம் போகும்போது பாட்டரிக்கு மாறும் அந்தக் கணத்தில் ஒரு சொட்டுப் படம்கூட உடைவதில்லை, வாங்கியதன் நோக்கமே அதுதான். குறைகள் இரண்டு. குச்சி கடுமையாகச் சூடாகிறது. இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு விரல் வைத்தால் எடுத்துவிடத் தோன்றும். முதல் வாரத்தில் மின்சாரம் வெளியிலிருந்து பெறாத மலிவு யுஎஸ்பி ஹப்பில் செருகியிருந்தேன். அப்போது கெர்னல் பதிவில் கழித்தல் 110 என்ற பிழை, அதாவது சாதனம் நேரத்துக்குப் பதில் சொல்லவில்லை என்ற பிழை, மழை போலக் கொட்டியது. அதை டிரைவர் பிழை என்று நினைத்துக் கெர்னலை மாற்றப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மடிக்கணினியின் சொந்த யுஎஸ்பி வாயிலில் குட்டை நீட்டிப்புக் கம்பியோடு செருகியதும் அந்தப் பிழை மறைந்தது. இரண்டாவது குறை, கணினியைத் தூங்கவைத்து எழுப்பினால் சில சமயம் டியூனர் விழிப்பதில்லை. மாட்யூலை இறக்கி ஏற்ற ஒரு வரி நிரல் எழுதி வைத்திருக்கிறேன். ரிமோட்டில் பாதி விசைகள் எடுத்தவுடன் வேலை செய்தன, மீதிக்கு ஐஆர்-கீடேபிள் வைத்து வரைபடம் எழுத வேண்டும்; எழுதவில்லை, பெரியம்மாவுக்கு ஒலி கூட்டும் விசை இருந்தால் போதும்.

கடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். தம்பி நேர்மையானவர், "அண்ணே, பெட்டியில போட்டிருக்கிறத நம்பாதீங்க, ஓடலைன்னா ஒரு வாரத்துல கொண்டாங்க" என்று முதலிலேயே சொன்னார். விலை ஒரு செட்டாப் பாக்ஸைவிடச் சற்றுக் குறைவு. கடையில் சோதனை செய்து காட்ட ஆன்டெனா இல்லை. ஒரே பெட்டியில் வெவ்வேறு சிப் வரலாம் என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மோல்மீனில் இருக்கும் நண்பர் ஒருவர் என் பேச்சைக் கேட்டு அதே கடையில், அதே அச்சுப் பெட்டியை வாங்கிப் போன பிறகுதான் எங்கள் இருவருக்கும் தெரிந்தது.

அவர் கணினியில் உபுண்டு 16.04, கெர்னல் 4.4. என்னிடமிருந்த ஃபர்ம்வேர் கோப்பையும் ஸ்கேன் கோப்பின் மாதிரியையும் பென்டிரைவில் கொடுத்தனுப்பியிருந்தேன். இரவு அழைத்து, "உங்க கோப்பு எல்லாம் வச்சாச்சு, ஆனா ஃப்ரண்ட்எண்ட் ஒண்ணுதான் இருக்கு, பூஜ்யம் மட்டும்" என்றார். ஓட்டைத் திறந்து படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். ரியல்டெக் அதே, டியூனர் அதே, நடுவில் இருந்த சிப் மட்டும் சோனியின் சிஎக்ஸ்டி2837இஆர். யுஎஸ்பி எண்ணும் ஒன்றேதான், எல்எஸ்யுஎஸ்பியில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. உள்ளே எந்த டீமாடுலேட்டர் இருக்கிறது என்பதை டிரைவர்தான் சிப்பிடமே கேட்டு அறிந்துகொள்கிறது. அந்தச் சோனி சிப்பை அறியும் திறன் அவருடைய கெர்னலுக்குப் பிறகுதான் சேர்க்கப்பட்டது. பழைய கெர்னல் அதை அடையாளம் காணாமல், தெரிந்த ரியல்டெக்கை மட்டும் காட்டிவிட்டு இருந்துவிட்டது.

எனவே வாங்க நினைக்கிறவர்களுக்கு என் யோசனை இது. உங்கள் கெர்னல் புதியதாக இருந்து, கட்டளை வரியில் ஒரு மாலை உட்காரப் பொறுமையும் இருந்தால் தயங்காமல் வாங்கலாம். கடையிலேயே ஓட்டைத் திறந்து நடுச் சிப்பின் எழுத்தைப் படிக்க அனுமதி கேளுங்கள். எம்என்88473 என்றால் ஃபர்ம்வேர் கோப்பு தேட வேண்டும், சோனி என்றால் ஃபர்ம்வேரே வேண்டாம், ஆனால் பழைய கெர்னலோடு அது ஒத்துப்போகாது. மின்சாரம் தடைபடாத வீட்டில், பதிவு செய்யும் தேவையும் இல்லாதவர் செட்டாப் பாக்ஸ் வாங்கிக்கொள்வதே நல்லது.

நண்பருக்கு உபுண்டு 22.04ஐப் பென்டிரைவிலிருந்தே தொடங்கிப் பார்க்கச் சொன்னேன். ஐந்து நிமிடத்தில் ஃப்ரண்ட்எண்ட்1 வந்தது, ஃபர்ம்வேர் எதுவும் கேட்கவில்லை, பத்தாவது நிமிடத்தில் செய்தி ஓடும் சத்தம் தொலைபேசியிலேயே எனக்குக் கேட்டது. வட்டில் புது உபுண்டுவை நிறுவக் கடைக் கணக்கெல்லாம் அந்தக் கணினியில் இருக்கிறது என்று தயங்குகிறார். இப்போதைக்குத் தினமும் மாலை ஆறு மணிக்குப் பென்டிரைவைச் செருகித்தான் அவர் வீட்டில் தொலைக்காட்சி தொடங்குகிறது.